கரி சுட்ட நாடும் இரும்பு தேடிய தீவுகளும்

போர்ட் பிளேயர் நகரில் மானிடவியல் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அந்நகரில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் பலரும், ஊரிலிருந்து உறவினர் வரும்போதேனும் அவர்களை அழைத்துக்கொண்டு அதனுள் சென்றிருப்பர். அங்கே அந்தமான் பழங்குடியினர் பன்றி வேட்டைக்குக் கொண்டு செல்லும் அம்புகளைக் காணலாம். தண்டு மரம், கட்டியிருப்பது நார், நுனி மட்டும் இரும்பு. அந்த விரலளவு இரும்பு எங்கிருந்து வந்தது என்னும் கேள்வியிலிருந்தே இப்பேச்சைத் தொடங்க விரும்புகிறோம். ஏனெனில் அக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், கடலைக் கடந்து சேலத்துக் கஞ்சமலைக்கும், பறங்கிப்பேட்டைக்கும், நம் முன்னோர் கரி சுட்ட காடுகளுக்கும் போய்ச் சேர நேர்கிறது.

அந்தமான் மக்கள் இரும்பை உருக்கியவர் அல்லர். 1858-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே கைதிகளின் குடியிருப்பை அமைத்தனர். பின்னர் அங்கு அதிகாரியாக இருந்த ஈ. எச். மான் என்பவர் அம்மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். கரையில் மோதி உடைந்த கப்பல்களின் ஆணிகளையும் பட்டைகளையும் எடுத்து, நெருப்பில் காய்ச்சாமலே கல்லின் மேல் வைத்துக் கல்லால் தட்டி, தீட்டுக்கல்லில் கூர்மையாக்கி அம்பு முனையும் வாய்ச்சியும் செய்துகொண்டனர் என்பது அக்காலக் குறிப்புகளால் தெரிகிறது. இரும்பு கிட்டுமுன் சிப்பியும் எலும்புமே அவர்களுக்குக் கருவிகள். நெருப்பு அவர்களிடம் இருந்தது. அணையாமல் காத்துப் போற்றினர். ஆயினும் அது உலை நெருப்பாகவில்லை. இவ்வழக்கம் பழங்கதையாகி முடிந்துவிடவுமில்லை. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'பிரிம்ரோஸ்' என்னும் சரக்குக் கப்பல் வடக்குச் சென்டினல் தீவின் பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. மாலுமிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர், கப்பல் கிடந்தது. அத்தீவினர் அதிலிருந்து இரும்பை எடுத்துத் தம் அம்புகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர்.

நிக்கோபாரின் கதை இன்னும் பழையது. கி.பி. 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்ட பௌத்தத் துறவி இத்சிங், கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் கடலிற் சென்று 'ஆடையிலார் நாடு' ஒன்றைக் கண்டதாக எழுதியுள்ளார். அதனை நிக்கோபார் எனவே அறிஞர் பெரும்பாலோர் கொள்வர். கப்பலைக் கண்டதும் அம்மக்கள் சிறு படகுகளில் விரைந்து வந்து தேங்காய், வாழைப்பழம், பிரம்பு, மூங்கில் ஆகியவற்றை நீட்டினராம். பண்டமாற்றில் அவர்கள் விரும்பியது ஒன்றே: இரும்பு. இரண்டு விரல் அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் வரை தந்தனர். அந்நாட்டில் இரும்பு விளைவதில்லை என்றும் அத்துறவி குறிக்கிறார். அவர் சென்றபின் மூன்றரை நூற்றாண்டு கழித்து, 1025-ஆம் ஆண்டின் கடற்படையெடுப்பைக் கூறும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் இதே தீவு 'நக்கவாரம்' என்னும் பெயரோடு இடம்பெறுகிறது.

இரும்பில்லாத அத்தீவுகளுக்கு எதிர்க்கரையில், இரும்பு மலிந்த தமிழ்நாடு இருந்தது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணில் இரும்புக்கல் இருப்பதும் இல்லாமையும் மட்டுமே என்று சொல்லிவிட இயலுமா? கல் இருந்தால் மட்டும் இரும்பு வந்துவிடாது. கல்லை இரும்பாக்குவது கரி. பழைய சுரங்கத் தொழிலின் வரலாற்றை எழுதுவோர் மலையைத் தோண்டியவனைப் பற்றியே பேசுகின்றனர். காட்டில் மூட்டம் போட்டவனைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அவனைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசுவோம்.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து வெளிமாநிலம் சென்றிருப்போருக்குக் கரிமூட்டத்தை விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே மூட்டத்தில் வேகுவது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாட்டிற்கு வந்த சீமைக்கருவேலம். மரம் புதியது, முறை பழையது. விறகை ஒரே அளவாகத் துண்டித்து, நடுவே நெருப்பிட வழிவிட்டு நெருக்கமாக அடுக்குவர். பெரிய கட்டைகள் உள்ளே, சிறியவை வெளியே. அதன்மேல் இலைதழையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணால் மூடிப் பூசுவர். நெருப்பு வைத்தபின் காற்று மிகுதியாகப் புகுந்தால் அனைத்தும் சாம்பல். போதாவிடில் வேகாத கட்டை. இடையே உள்ள அந்தக் குறுகிய அளவைக் காத்து நிற்பதுதான் தொழில். துளைகளைத் திறந்தும் அடைத்தும், இரவும் பகலும் புகையின் நிறத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் எழும் வெண்புகை மரத்தின் ஈரம். அது மெலிந்து நீலம் படர்ந்தால் வெந்துவிட்டது என்பது பொருள். பிறகு எல்லாத் துளைகளையும் மூடி நாட்கணக்கில் ஆறவிடுவர். ஆறுமுன் பிரித்தால், அதுவரை காத்த கரி கண்ணெதிரே பற்றி எரிந்துவிடும். மூட்டம் உள்வாங்கும் இடத்தில் தெரியாமல் காலை வைத்து வெந்தவர்களும் உண்டு.

இவ்வளவு பாடுபட்டும், நான்கைந்து பங்கு விறகுக்கு ஒரு பங்கு கரியே மிஞ்சும். அவ்வாறாயின் விறகையே உலையில் இட்டால் என்ன? பச்சை விறகின் ஈரமும் புகையும் உலையின் சூட்டை உண்டுவிடும். கரியோ ஏறக்குறையத் தூய கரிமம். துருத்தியின் காற்றில் அது எரிந்து தரும் வெப்பம் ஒருபுறம். எரியும்போது பிறக்கும் கரிம மோனாக்சைடு என்னும் வாயு இரும்புக்கல்லிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு இரும்பை விடுவிப்பது மறுபுறம். எரிபொருளும் கரியே, வேதியியல் வேலையைச் செய்வதும் கரியே. நிலக்கரியில் உள்ள கந்தகம் இதில் இல்லாமையால் கரியுலை இரும்பு தூய்மையானது.

சேலத்திற்கு அருகிலுள்ள கஞ்சமலையில் நம்மவர் இவ்விரும்பைச் செய்தனர். 'சுரங்கம்' என்றதும் நம் மனத்தில் எழும் ஆழ்குழியும் ஏணியும் அங்கே தேவைப்படவில்லை. காந்தக் கல் என்னும் உயர்ந்த இரும்புக்கல் மலைச்சரிவில் உதிர்ந்து கிடந்தது. மழைநீர் அடித்துக்கொண்டு வரும் கருமணலிலும் அது இருந்தது. பொறுக்கி, இடித்து, நீரில் அரித்து, கனமானதைப் பிரித்துக்கொள்வர். ஆகவே உண்மையில் அங்கே தோண்டப்பட்டது மலையன்று, காடு என்றே நாம் கூறுவோம்.

உலையோ மிக எளியது. மூன்று முதல் ஐந்தடி உயரமுள்ள, பேரிக்காய் வடிவமான களிமண் கூண்டு. அடியில் இரண்டடி அகலம், மேலே ஓரடி. இரண்டு ஆட்கள் சில மணி நேரத்தில் கட்டிவிடுவர். ஆட்டுத்தோலால் இரண்டு துருத்திகள். அவற்றின் மூக்கு மூங்கில். உலையில் கரியை நிரப்பிப் பற்றவைத்து, இரும்பு மணலைச் சிறிது சிறிதாக மேலே தூவுவர். தூவுமுன் அதனை நீரால் நனைத்துக்கொள்வர். இல்லையேல் பொடி கரியின் இடைவெளி வழியே வேகாமல் அடியில் போய் விழுந்துவிடும். மூன்று நான்கு மணி நேரம் துருத்தி ஊதியபின், உலையின் முன்பக்கத்தை உடைத்து, செங்கனலாய் இருக்கும் இரும்புப் பிண்டத்தை இடுக்கியால் இழுத்து, கட்டையால் அடித்துக் கசடைப் பிதுக்குவர். உள்ளே தரம் எப்படி என்று வாங்குவோன் காணும்படி, பிண்டத்தை நடுவே பாதிக்கு மேல் வெட்டியே விற்றனராம். வணிகத்தில் இத்தகைய நேர்மை இருந்தது என்பதை இங்கே சொல்லி வைக்கிறோம்.

இவ்விரும்பை எஃகாக்கும் முறை இன்னும் நுட்பமானது. இரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங் குச்சியோடு களிமண் மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயை மண்ணால் அடைப்பர். இருபது, இருபத்து நான்கு மூசைகளை ஒன்றாக அடுக்கி, கரியைக் குவித்து இரண்டரை மணி நேரம் ஊதுவர். நெருப்பு பொருளைத் தொடாமல், மூசைக்குள்ளே ஆவாரங் குச்சி கரியாகி, அக்கரி இரும்பில் கலந்து எஃகு பிறக்கும். கொடுமணல் அகழாய்வில் இரும்புத் தொழிலின் உலைத்தடயங்கள் கிடைத்துள்ளமையால் இக்கலையின் தொன்மை விளங்கும். 'ஊட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்த எஃகு இதுவே. கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லின் திரிபு அப்பெயர் என்பர். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் இலண்டன் ராயல் சங்கத்தின் முன் இதனைப் பற்றிக் கட்டுரை படித்தார். மின்சாரத்தின் தந்தையெனப் போற்றப்படும் மைக்கேல் பாரடே, இளமையில் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து இதன் இரகசியத்தை ஆராய்ந்தார். பெரிய ஆய்வுக்கூடங்கள் தேடியது, கொல்லன் ஆவாரஞ்செடியில் கண்டுவைத்திருந்த ஒன்று.

கரிக்கு வேறொரு பயனும் உண்டு. அது காலத்தைச் சொல்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு முதுமக்கள் தாழிகளிற் கிடைத்த கரித்துண்டுகள் முதலியவற்றைச் சோதித்து, கி.மு. 3345 வரை பழமையுடைய கணிப்புகளைத் தமிழ்நாட்டரசு 2025 சனவரியில் வெளியிட்டது. உலகின் இரும்பு வரலாற்றையே திருத்த வேண்டிய முடிவு இது. தமிழர் என்ற முறையில் நாம் மகிழ்வது இயல்பே. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். கரியின் வயது மரம் வாழ்ந்த காலத்தைக் காட்டுவது; இரும்பு காய்ந்த நாளைக் காட்டுவதன்று. முதிர்ந்த மரத்தின் வைரத்தைச் சுட்டிருந்தால் நூறாண்டு, இருநூறாண்டு முன்பின் ஆகலாம். வேறு இடங்களிலும் இதற்கு ஒத்த சான்றுகள் கிடைக்குந்தோறும் முடிவு உறுதிப்படும். அறிஞரிடையே விவாதம் நடைபெறுவது அம்முடிவுக்கு இழுக்கன்று.

இனிப் பறங்கிப்பேட்டைக்கு வருவோம். ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் கும்பினிச் சேவையில் இருந்தவர். சேலத்து இரும்பைக் கண்டு மயங்கி, 1825-இல் தம் பதவியைத் துறந்தார். மேலே நாம் கூறிய உலையையும் மூசையையும் நேரில் கண்டு விரிவாக எழுதியவரும் அவரே. அக்காலத்தில் ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளர் ஸ்வீடன் நாட்டுக் கரியுலை இரும்பையே நம்பியிருந்தனர். அதற்குப் போட்டியாகத் தமிழ்நாட்டு இரும்பை அனுப்பிவிடலாம் என்பது ஹீத் கண்ட கனவு. சென்னை அரசு அவருக்கு முன்பணம் கொடுத்தது. ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையையும், எரிபொருளுக்காகத் தரிசுக் காடுகளில் மரம் வெட்டும் உரிமையையும் அளித்தது. 1830-இல் பறங்கிப்பேட்டையில் ஊதுலைகள் எழுந்தன. பின்னர் மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஆலை அமைந்தது.

கப்பலேற்றுவதற்குக் கடற்கரை வசதிதான். ஆனால் இரும்புக்கல் இருந்ததோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் மேற்கே. கல் காவிரியிலும் கொள்ளிடத்திலும் படகேறி வந்தது. ஆற்றில் நீர் ஓடும் மாதங்களில்தான் அது இயலும். கல்லாவது எவ்வளவு தூரம் வந்தாலும் கல்லாகவே இருக்கும். கரி அப்படியன்று. வண்டியின் குலுக்கலில் உதிர்ந்து தூளாகும். மழையில் நனைந்தால் உலைக்கு ஆகாது. கனமில்லாமல் இடத்தை அடைப்பதால் வண்டிக்கூலியும் மிகுதி. நம் பழைய உலைக்காரர் இதனை நன்கு அறிந்திருந்தனர். காடு விலகினால் உலையை உடைத்துவிட்டுக் காட்டின் பின்னே சென்றனர். சில மணி நேரத்தில் வேறோர் உலை. ஹீத்தின் ஊதுலையோ அசையாது. அணைத்து அணைத்து ஏற்றவும் இயலாது. நாள்தோறும் ஓயாமல் கரி கேட்கும். அருகிலுள்ள காடு தீரத்தீரக் கரி தொலைவிலிருந்து வந்தது. தொலைவு கூடக்கூட விலையும் கூடியது. எந்திரத்தில் குறையில்லை. இடத்தில்தான் குறை.

ஹீத் 1837-இல் இங்கிலாந்து திரும்பினார். 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசுக் கலவையைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெபீல்டில் எஃகின் விலையே குறைந்தது. ஊரார் அனைவரும் அம்முறையைக் கையாண்டனர். அவருக்கோ நெடிய வழக்குகளே மிஞ்சின. 1851-இல் அவர் இறந்தார். பறங்கிப்பேட்டை ஆலை 1853-இல் 'கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி'யின் கைக்கு மாறிச் சில ஆண்டுகள் புகைந்தது. 1860-களில் அதன் உலைகள் அணைந்துபோயின.

அவ்விரும்பு 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் பயன்பட்டது என்று கூறுவர். அதே மூச்சில் மெனாய்த் தொங்குபாலத்தையும் சேர்த்துச் சொல்லும் நூல்கள் உண்டு. அத்தொங்குபாலம் 1826-இலேயே திறக்கப்பட்டது. பறங்கிப்பேட்டை உலை மூட்டப்பட்டதோ 1830-இல். பெருமை பேசும்போதும் ஆண்டைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

இங்கிலாந்திலும் இதே நெருக்கடி முன்னரே வந்ததுதான். காடுகள் சுருங்க, 1709-இல் ஆபிரகாம் டார்பி கோல்புருக்டேல் என்னும் ஊரில் நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியால் இரும்பு உருக்கினார். அதன்பின் அங்கே உலை காட்டைப் பாராமல் நிலத்தடியைப் பார்த்தது. தமிழ்நாட்டு இரும்பு மலைகளுக்கு அருகே அத்தகைய நிலக்கரி இல்லை. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அது பறங்கிப்பேட்டைக்கு வெகு அருகிலேயே மண்ணுக்குள் உறங்கிக் கிடந்தது என்றாலும், ஊதுலைக்கேற்ற கல்கரியாகும் இனமன்று.

அப்படியாயின் சிற்றுலைகள் ஏன் அழிந்தன? ஆங்கிலேயன் தனியுரிமை பெற்று நம் தொழிலை அழித்தான் என்று மேடைகளில் பேசுவது வழக்கம். அத்தனியுரிமை ஐரோப்பிய முறைக்கு மட்டுமே உரியது. சிற்றுலைகளை அது தடுக்கவில்லை. ஹீத்தின் ஆலை மூடியபின்னும் சேலத்து மலையடிகளில் சிற்றுலைகள் புகைந்துகொண்டிருந்தன. அவற்றை மாய்த்தவை வேறு. இரயிலேறி உள்நாட்டுச் சந்தை வரை வந்த மலிவான சீமை இரும்பு ஒன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மற்றொன்று. கொழு வாங்கும் உழவனே இல்லாதபோது கொழு அடிப்பவன் எங்ஙனம் பிழைப்பான்? 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம் இறுதி அடி. காப்புக்காடு என எல்லைக்கல் நட்டபின், கரி சுடுவோன் கட்டணமின்றிக் கிளை ஒடித்தாலும் குற்றவாளி.

அச்சட்டத்தை முற்றும் பழிக்கவும் நமக்கு மனம் வரவில்லை. கரியுலையின் பசிக்கு எல்லையில்லை என்பதைப் பறங்கிப்பேட்டையே காட்டிவிட்டது. காட்டைக் காப்பது கடமைதான். ஆயினும் வண்டி வண்டியாய்க் கரி எரித்த பெரிய ஆலைக்கு அரசே வெட்டுரிமை தந்தது. இரண்டு துருத்தியோடு பிழைத்தவனுக்கோ அபராதம் விதித்தது. இம்முரண்பாட்டை நாம் மறைக்க விரும்பவில்லை.

இதன்பின் நடந்தது வெளிமாநிலங்களில் வாழும் நம் அன்பர்களுக்கு அணித்தான செய்தி. சேலம், வடஆர்க்காட்டு மாவட்டங்களின் மக்கள் வேலை தேடி வெளியேறினர். 1880-களில் தழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கியோரில் தமிழரே மிகப்பலர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மைசூர்ச் சீமையில் பத்ராவதி இரும்பாலை 1923-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, நிலக்கரி இல்லாக் குறைக்கு மீண்டும் மரக்கரியே மருந்தாயிற்று. ஆனால் அங்கே மூட்டத்தில் வீணாகும் புகையையும் விடவில்லை. மூடிய கலங்களில் மரத்தைச் சுட்டு, தாரும் மரச்சாராயமும் வடித்தெடுத்தனர். கெம்மண்ணுகுண்டியின் கல்லும் சிவமொக்கக் காட்டின் கரியும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தமையால், ஹீத் தவறிய இடத்தில் பத்ராவதி நின்றது. பின்னர் மின்னுலைகள் வந்தன.

வங்கக்கடலின் கிழக்குக் கரையிலும் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. மலாயாவில் தைப்பிங் வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்குக் கடற்கரைக் கண்டற்காடுகள் விறகும் கரியும் தந்தன. அவ்வூரைத் துறைமுகத்தோடு இணைத்த, 1885-இல் திறந்த மலாயாவின் முதல் இரயில்பாதையை இட இலங்கையிலிருந்து தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். அதே கரையில் மாத்தாங் கண்டற்காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெட்டிய பகுதி முப்பது ஆண்டு வளர்ந்தபின்னரே மீண்டும் வெட்டுவது என்னும் முறையை வகுத்தனர். செங்கல்லால் குவிமாடம்போற் கட்டிய கரிச்சூளைகள் அங்கே நெடுங்காலம் புகைந்தன. பறங்கிப்பேட்டைக்கு எதிரே உப்பங்கழியில் நிற்கும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைக் காணும்போதெல்லாம், வெட்டுக்கு இப்படியொரு கணக்கை இங்கும் 1830-இல் எவரேனும் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

1970-இல் சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கஞ்சமலைக்கு அருகிலேயே அது நிற்கிறது. ஆயினும் அங்கே உருவாகும் துருப்பிடிக்காத எஃகுக்கும் அம்மலையின் கல்லுக்கும் தொடர்பில்லை. மலையடி வயல்களில் ஏர் ஓடும்போது, கறுத்துக் கனத்த இரும்புக் கிட்டங்கள் கொழுவில் தட்டுப்படும். உடைத்துப் பார்த்தால் சிலவற்றுள், ஊதி முடித்த அன்று உலையில் எரியாமல் நின்றுபோன கரித்துணுக்கு ஒன்று அப்படியே பதிந்திருக்கக் காணலாம்.